தீவனம் இல்லாத வெகுமதி: குளம்புப் புண் கண்ட ஓர் உம்பளச்சேரிப் பசு கால் தூக்கிக் கொடுக்கப் பழகிய நிகழ்வு

பின்னணி

காவிரிப் படுகையின் கடைமடையில், திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிற்றுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் சென்ற ஆண்டு நடந்தது இது. அந்த வீட்டில் இரண்டு பசுக்களும் ஒரு காளைக்கன்றும் இருந்தன. இந்தப் பதிவுக்குரிய பசு உம்பளச்சேரி இனம், இரண்டாம் ஈற்று, கார்த்திகையில் ஈன்று, கன்று ஊட்டிக்கொண்டிருந்தது. தெற்கத்தி மாடு என்றும் தஞ்சாவூர் மாடு என்றும் இப்பகுதியார் சொல்லும் இந்த இனம் சேற்று வயலில் உழவும் பரம்படிக்கவும் பெயர் பெற்றது. பால் என்று பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவில்தான் கிடைக்கும். ஆகவே இத்தகைய பசுவை ஒரு குடும்பம் வைத்திருப்பது பால் விற்பதற்காக மட்டும் அன்று. கன்றுக்காகவும் எருவுக்காகவும், பல வீடுகளில் தலைமுறைப் பழக்கத்துக்காகவும் வைத்திருக்கிறார்கள்.

மாட்டைப் பார்த்துக்கொள்பவர் வீட்டு அம்மா. அவருடைய கணவரும், கணவரின் தந்தையாகிய பெரியவரும், பள்ளியில் படிக்கும் மகனும் உடன் இருக்கிறார்கள். கால்நடைகளை அடியும் இழுபறியும் இன்றிப் பழக்கும் வேலையில் ஈடுபட்டுள்ளவன் என்ற முறையில், அந்தப் பசுவுக்கு மருத்துவம் பார்த்த கால்நடை மருத்துவர் என்னை அழைத்தார். மருத்துவ முடிவுகள் அனைத்தும் அவருடையவை. பழக்கும் முறையை வகுத்தது மட்டுமே என் பங்கு.

கடைமடையின் பயிர்க் கணக்கு இந்த நிகழ்வில் ஒரு பொருட்டாக நின்றது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது இங்கே வழக்கம். எனவே நெல் அறுத்த பின்னும் தை முதல் பங்குனி வரை வயலில் பயிர் நிற்கும். மாட்டை அவிழ்த்துவிட முடியாது. அந்தப் பருவம் முழுவதும் பசு கொட்டகையிலும் வீட்டுப் பின்புறப் பூவரச மரத்தடியிலும் கட்டுத்தறியிலேயே இருந்தது.

தையில் நேர்ந்தது

மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு வீட்டுப் பொங்கல் கொடுத்ததோடு, அண்டை வீடுகளிலிருந்தும் பொங்கலும் வாழைப்பழமும் வெல்லமும் வந்திருக்கின்றன. ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி என்றுதான் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து எவ்வளவு போயிற்று என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் பசு அசை போடுவதை நிறுத்தியது; வயிறு உப்பியது; சாணம் புளித்த நாற்றத்துடன் நீர்த்துப் போயிற்று; தள்ளாடி நின்றது.

தை மாதத்தில் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் நிலை இது. மாட்டின் முதல் இரைப்பை வைக்கோலையும் புல்லையும் மெதுவாக நொதிக்கவைக்கும் இடம்; அங்கே அமில கார அளவு (pH) பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும். வெந்த அரிசியும் வெல்லமும் திடீரென்று மிகுதியாகப் போனால், மாச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் குவிக்கின்றன. அளவு 5க்குக் கீழே இறங்கும்போது, நார்ப்பொருளைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. மருத்துவர் சோடா உப்புக் கரைசலை வாய்வழி கொடுத்து, நரம்பில் திரவம் ஏற்றி, வைட்டமின் பி1 ஊசியும் போட்டுப் பசுவைக் காப்பாற்றினார். இனி சோறு, கஞ்சி, அரிசிக் கழுநீர், வெல்லம், பழம் எதுவும் கூடாது என்றும், வைக்கோலும் பசும்புல்லும் நீரும் போதும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

காலில் வந்த புண்

பசு தேறிவிட்டது என்று குடும்பத்தினர் எண்ணியிருந்த வேளையில், பங்குனித் தொடக்கத்தில் அது வலப் பின்னங்காலை ஊன்றத் தயங்கியது. இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் இரைப்பை அமில நோய்க்குப் பின் குளம்பின் உட்திசுவில் அழற்சி உண்டாவது அறிந்ததுதான். குளம்பின் அடித்தோல் மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளரும். எனவே உள்ளே நேர்ந்த சேதம் வெளியே புண்ணாகத் தெரிவதற்கு இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. புண் வழக்கமாக வரும் இடத்திலேயே, அதாவது பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பின் அடியில், வந்திருந்தது.

முதல் சிகிச்சையைக் கயிறு கட்டிச் சாய்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கால் மரத்துப்போக ஊசி போட்டு, செத்த குளம்புத் தோலைச் செதுக்கி அகற்றி, புண்ணில்லாத உட்குளம்பின் அடியில் மரக்கட்டை ஒன்றை ஒட்டிப் புண்பட்ட குளம்பு தரையில் படாதவாறு மருத்துவர் செய்தார். வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தார். (வலி மருந்து தங்கிய மாட்டின் பிணத்தைத் தின்று மடியும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்கும் பொருட்டு டைக்ளோபினாக் 2006லும், கீட்டோபுரோபேனும் அசிகுளோபினாக்கும் 2023லும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட பிறகு, மெலாக்சிகாமையே கேட்டு வாங்குவது மாடு வைத்திருப்போர் ஒவ்வொருவரின் கடமை என்று நான் கருதுகிறேன்.) அதன் பிறகு நாள்தோறும் காலைத் தூக்கிக் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்திட வேண்டும், புண் மூடும்வரை இது தொடர வேண்டும் என்பது அவர் அறிவுரை.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. ஒரு முறை சாய்ப்பதற்கே நான்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள். நாள்தோறும் சாய்ப்பது நடக்கக்கூடியது அன்று; நிறைந்த இரைப்பையோடு மாட்டை அடிக்கடி கீழே கிடத்துவதில் வயிறு உப்புவதும், இரை எதிர்த்து வந்து மூச்சுக்குழலில் இறங்குவதும் ஆகிய ஆபத்துகளும் உண்டு. மேலும், சாய்த்த நாளுக்குப் பிறகு பின்னங்காலுக்கு அருகே கயிறு தெரிந்தாலே பசு உதைத்தது.

பசுவிடம் கண்டவை

பழக்கத் தொடங்குமுன், ஒன்றும் செய்யாமல் கொட்டகையின் ஓரமாக அமர்ந்து பசுவைப் பார்ப்பதற்கே முதலில் நேரம் ஒதுக்கினேன். குடும்பத்தினர் வழக்கம்போல வேலை செய்தார்கள்.

பசு மொத்தத்தில் மூர்க்கமானது அன்று. வீட்டு அம்மா இடப்பக்கம் அமர்ந்து பால் கறக்கும்போது அசையாமல் நின்றது. வலப்பக்கம் இடுப்புக்குப் பின்னால் யார் வந்தாலும் காதுகள் பின்னோக்கித் திரும்பின. வால் உடலோடு ஒட்டிக்கொண்டது. எடை இடப்பக்கம் சாய்ந்தது. அடுத்ததாகக் கால் முன்னும் பக்கவாட்டுமாக வளைந்து வீசியது. இந்த வரிசை ஒவ்வொரு தடவையும் மாறாமல் வந்தது. உதை திடீரென்று வருகிறது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ஆனால் உதைக்கு முன் மூன்று அறிவிப்புகளைப் பசு கொடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முன்பெல்லாம் குடற்புழு மருந்து கொடுக்கவும் ஊசி போடவும் கஞ்சி வாளியைக் காட்டித்தான் அதைப் பிடித்திருக்கிறார்கள். அதனால் வாளியின் கைப்பிடி ஓசை கேட்டதும் பசு தலையை உயர்த்தி, ஓர் அடி முன்வைத்து, உடனே பின்வாங்கி, மனிதரின் மற்றக் கையைப் பார்த்தது. தின்னும் ஆசையும் ஊசியின் அச்சமும் ஒரே வாளியில் சேர்ந்திருந்தன.

தீவனத்தை விலக்கிய முடிவும் அதன் காரணங்களும்

பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “தம்பி, திங்கக் குடுக்காம மாட்டுக்கிட்ட எப்படி வேலை வாங்குவீங்க?” நியாயமான கேள்விதான். விலங்குகளைப் பழக்குவதில் தீவனமே மிக வலுவான வெகுமதி என்பதை நான் மறுக்கவில்லை. 2010இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் குதிரைகளிடம் தீவன வெகுமதியையும், கழுத்து முதுகோடு சேரும் மேட்டைச் சொறிந்து விடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தீவனம் பெற்றவையே விரைந்து கற்றன. நாய்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளிலும் பெரும்பாலும் தீவனமே முந்துகிறது; வெறும் வாய்ப் பாராட்டு மிகவும் பின்தங்குகிறது.

ஆனாலும் இந்தப் பசுவுக்குத் தீவனம் பொருந்தவில்லை. அதற்கு மிக விருப்பமானவை எல்லாம் மருத்துவர் விலக்கியவை. அனுமதிக்கப்பட்ட புல்லும் வைக்கோலும் தொட்டியில் எப்போதும் கிடந்தன. அவற்றைக் குறைத்துப் பசியை உண்டாக்கினால்தான் அவை வெகுமதியாகும். நோயிலிருந்து தேறிவரும், கன்று ஊட்டும் பசுவைப் பசிக்கவைத்துப் பழக்குவதை என்னால் ஏற்க முடியாது. பசும்புல்லைக் கையில் வைத்துப் பார்த்தபோது, பசு கையை எட்ட உடலைத் திருப்பியது. திரும்பும் ஒவ்வொரு தடவையும் எடை புண்பட்ட காலின் மேல் விழுந்தது. நமக்கு வேண்டியிருந்தது அசையாத, தளர்ந்த நிற்பு. தீவனம் கொண்டுவந்தது பரபரப்பு. வாளியைப் பற்றிய பழைய அச்சமும் சேர்ந்துகொள்ள, தீவனத்தைப் பழக்கும் நேரத்திலிருந்து முற்றிலும் விலக்குவது என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்.

எது வெகுமதி என்பதைப் பசுவிடமே கேட்டல்

ஒரு செயலுக்குப் பின் எது கிடைத்தால் அந்தச் செயல் பெருகுகிறதோ அதுவே வலுவூட்டி என்பது நடத்தையியல் வகுத்த இலக்கணம். கொடுப்பவரின் நல்லெண்ணத்துக்கு இதில் இடமில்லை. குடும்பத்தினர் பசுவுக்குப் பாராட்டாகச் செய்துவந்தவை இரண்டு: நெற்றியைத் தடவுவதும், விலாவில் தட்டிக் கொடுப்பதும். நெற்றியைத் தடவினால் பசு தலையைக் குனிந்து கையை முட்டித் தள்ளியது. விலாவில் தட்டினால் ஓர் அடி தள்ளி நின்றது. ஏனெனில் சாணி அள்ளும்போது ஒதுங்கச் சொல்வதற்கும் அதே தட்டலைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டுமே இந்தப் பசுவுக்கு வெகுமதி ஆகவில்லை.

மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும்போது பெரும்பாலும் தலையையும் கழுத்தையுமே நாடுகின்றன. தன் நாக்குக்கு எட்டாத இடங்கள் அவை. 2008இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்றில், கறவை மாடுகளின் கழுத்தின் அடிப்புறத்தைத் தடவியபோது அவை கழுத்தை நீட்டிக் காதுகளைத் தொங்கவிட்டன என்றும், விலாவைத் தடவியபோது அந்த அளவுக்கு இல்லை என்றும் கண்டார்கள். எனவே கழுத்தடியிலிருந்து தொடங்கினோம்.

வீட்டு அம்மா பசுவின் இடப்பக்கம் நின்று, தாடைக்குக் கீழே, கழுத்தின் அடியில் தொங்கும் தோலாகிய அலைதாடி தொடங்கும் மடிப்பில் நகங்களால் மெதுவாகச் சொறிந்தார். முதலில் பசு கவனிக்கவில்லை. கை மடிப்போடு கீழிறங்கி, மார்பெலும்புக்குச் சற்று மேலே வந்ததும் அதன் கழுத்து முன்னால் நீண்டது, முகவாய் மேலே தூக்கிக்கொண்டது, மேலுதடு துடித்தது, கண்கள் பாதி மூடின, இரண்டு காதுகளும் பக்கவாட்டில் தளர்ந்து தொங்கின. அப்போது அவரைக் கையை எடுக்கச் சொன்னேன். பசு சிறிது பொறுத்தது. பின் கழுத்தை இன்னும் நீட்டி, அவர் முழங்கையில் தாடையைக் கொண்டுவந்து வைத்தது. மீண்டும் சொறிந்தார், மீண்டும் நிறுத்தினார், மீண்டும் கேட்டது. இந்த நிறுத்திப் பார்க்கும் சோதனையைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். சகித்துக்கொண்டு நிற்கும் விலங்கும் விரும்பி நிற்கும் விலங்கும் கை படும்போது ஒன்றுபோலத் தோன்றலாம். கையை எடுத்த பின் அது என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது.

வெறும் விரலைவிட முறுக்கிய வைக்கோல் பிரியால் தேய்ப்பது அதற்கு இன்னும் பிடித்தது. தேங்காய் நாரைப் பிடிக்கவில்லை.

இரண்டாவதாகக் கன்றை எண்ணிப் பார்த்தோம். அதிகம் நாடும் செயல் ஒன்றைக் குறைவாக நாடும் செயலுக்குப் பின்னால் வைத்தால், அதிகம் நாடும் செயல் மற்றதை வலுப்படுத்தும் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் எடுத்துரைத்தார். கன்றை நக்குவதைவிட அந்தப் பசு நாடும் செயல் வேறில்லை. ஆனால் கன்றைக் கூடுதல் நேரம் பிரித்துவைத்து வெகுமதியாக்குவது தாய்க்கும் கன்றுக்கும் செய்யும் கொடுமை. எனவே கன்று அவிழ்க்கும் நேரத்தை மாற்றாமல், கால் பார்க்கும் வேலையை மட்டும் அதற்குச் சற்று முன்னால் கொண்டுவந்தோம். கன்று கத்தத் தொடங்கிவிட்ட நாளில் பழக்குவதை விட்டுவிட்டு உடனே கன்றை அவிழ்ப்பது என்றும் முதலிலேயே உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாவது தண்ணீர். சனவரி இறுதியில் மேட்டூர் அணையை மூடிய பின் வாய்க்காலில் நீர் குறைந்து, பங்குனியில் வறண்டு கிடந்தது. ஆகவே அடிபம்பில் பிடித்த நீரைத்தான் முதுகில் ஊற்றினோம். நடுப்பகலில் பசு முதுகை நெளித்து, நீர் விழும் இடத்துக்கு நகர்ந்து வந்தது. காலை வேளையில் அதே நீருக்குத் தோலைச் சிலிர்த்து விலகியது. வெயில் ஏறிய பிறகு மட்டுமே, அதுவும் குளம்புப் புண்ணில் ஈரம் இறங்காதபடி முன்னுடலில் மட்டுமே, இதைப் பயன்படுத்தினோம்.

பழக்கிய முறை

சரியான செயல் நடந்த நொடியைப் பசுவுக்குச் சுட்டிக்காட்ட ஓர் ஒலி தேவைப்பட்டது. நாக்கைத் தட்டும் ஒலியை மாடு ஓட்டுவதற்கு எல்லாரும் பயன்படுத்துவதால் அதைத் தவிர்த்து, “ஆச்சு” என்ற சொல்லை ஒரே தொனியில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். முதலில் கால் பக்கமே போகாமல், அந்தச் சொல்லைச் சொல்லி உடனே அலைதாடியைச் சொறிவதை மட்டும் செய்தோம். சொல்லைக் கேட்டதும் பசு தானாகவே கழுத்தை நீட்டத் தொடங்கிய பின்புதான் அடுத்த படிக்குச் சென்றோம்.

வீட்டு அம்மா கழுத்துப் பக்கம் நிற்க, நான் இடுப்பருகே உடலோடு ஒட்டி நின்றேன். மாட்டின் உதை பக்கவாட்டில் வீசுவதால் விலகி நிற்பவருக்கே அடி பலமாகப் படும். கை இடுப்பெலும்பில் பட, பசு அசையாமல் நின்றால் “ஆச்சு”. உடனே கழுத்தில் சொறிதல். பிறகு தொடை, பிறகு முழங்கால், பிறகு கணுக்காலுக்கு மேல். காது பின்னோக்கித் திரும்பினால் கை அங்கேயே நின்றது; வால் ஒட்டினால் கை மேலே வந்தது. உதைவரை போகவிடவே இல்லை. முதல் அறிவிப்பிலேயே கை நிற்கிறது என்று தெரிந்ததும், அடுத்த அறிவிப்புகளுக்குப் பசு செல்வது குறைந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். அசையாமல் நின்றதற்காகக் கையை எடுத்துவிடுவதும் பசுவுக்கு ஒரு பலன்தான். ஆனால் அது வேண்டாததை நீக்குவதால் வரும் பலன், அதாவது எதிர்மறை வலுவூட்டல். நாம் விரும்பியது நேர்மறை வலுவூட்டல். ஆகவே கை காலில் இருக்கும்போதே சொறிதல் தொடங்க வேண்டும் என்று வரிசையை அமைத்தோம். இதற்கு இரண்டு ஆள் கட்டாயம் தேவை. காலைத் தொடுபவரே எழுந்துபோய்க் கழுத்தைச் சொறிந்தால், பசு கற்பது “கை போனால் நிம்மதி” என்பதைத்தான். வெகுமதி கொடுத்தோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, விலங்கு வேறொன்றைக் கற்றுக்கொண்டிருப்பது பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது.

கணுக்காலில் கை பட்டதும் எடையை மறுகாலுக்கு மாற்றுவது, குளம்பின் நுனி மட்டும் தரையில் நிற்க மடக்குவது, கால் சற்றே எழுவது, எழுந்த கால் கையில் தங்குவது என்று படிகள் நகர்ந்தன. ஒரு படியில் பசு எளிதாக நின்ற பிறகே அடுத்தது. ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்களில் முடிந்தது. சொறிதல் வெகுமதிக்கு ஓர் இயல்பு உண்டு: தீவனத்தைப் போல ஒரு வாயில் முடிவதில்லை, அது நீளும், நீளும்போது விலங்கு தளர்கிறது. வேகமாகப் பலமுறை திரும்பச் செய்யும் பயிற்சிக்கு இது குறைதான். ஆனால் காலை நெடுநேரம் தளர்வாகக் கொடுத்து நிற்க வேண்டிய வேலைக்கு அதுவே மிகப் பொருத்தமாக அமைந்தது.

இந்த நாட்களில் புண்ணைக் கழுவாமலும் விடவில்லை. கால் எழும் அளவுக்குப் பழகும்வரை, குளம்பைத் தூக்காமலே வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவி, நீள முனைக் குப்பியால் மருந்தைத் தெளித்து, உலர்ந்த வைக்கோலில் நிற்கவைத்தார்கள். மருத்துவர் இதற்கு இசைந்திருந்தார். பழக்கும் வேலை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இடையில் வந்த தடைகள்

ஒரு நாள் பசு “ஆச்சு” கேட்டும் கழுத்தை நீட்டவில்லை. வைக்கோல் பிரி பட்டதும் தலையை இழுத்துக்கொண்டது. பழகியது மறந்துவிட்டது என்று குடும்பத்தினர் கவலைப்பட்டார்கள். வீட்டு அம்மா அலைதாடியின் மடிப்பை விரித்து, டார்ச் ஒளியில் பார்த்தார். தோல் மடிப்பின் உள்ளே உண்ணிகள் கொத்தாகக் கடித்திருந்தன. கடிவாயைச் சுற்றித் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. முந்தைய வாரம் இன்பமாக இருந்த தொடுகை அன்று எரிச்சலாக மாறியிருந்தது. மருத்துவர் சொன்னபடி உண்ணி மருந்து போட்டார்கள்; சொறியும் இடத்தைத் திமிலின் முன்பக்கத்துக்கு மாற்றினோம். அங்கே கிடைத்த எதிர்வினை சற்றுக் குறைவுதான் என்றாலும் வேலை நின்றுவிடவில்லை. வெகுமதி பலிக்காத நாளில் விலங்கின் மேல் குறை காண்பதற்கு முன் அதன் உடலைப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் அனைவரும் அன்று கண்ணாரக் கண்டார்கள்.

மற்றொரு தடை மனிதரால் வந்தது. வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், உதவும் எண்ணத்தோடு, பசுவின் காலை இழுத்துப் பிடித்துவிட்டார். பசு உதைத்தது, நல்லவேளையாக எவருக்கும் அடிபடவில்லை. அடுத்த அமர்வில் அது தொடையளவிலேயே வாலை ஒட்டிக்கொண்டது. இடுப்பெலும்பிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இரண்டாம் முறை படிகள் விரைவாகவே கடந்தன.

கன்றை வெகுமதியாக்கியதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் கன்று வரும் என்று தெரிந்த பின், பசு முன்கூட்டியே கன்றின் பக்கம் திரும்பிக் கால் மாற்றிக் கால் வைத்தது. ஆகவே கால் வேலைக்கும் கன்று அவிழ்ப்பதற்கும் நடுவில் சிறிது நேரம் அமைதியாகச் சொறிந்துவிட்டு, அது தளர்ந்த பிறகே கன்றை அவிழ்த்தோம்.

விளைவு

சித்திரை பிறந்த சில நாட்களில், வீட்டு அம்மா கழுத்தில் கை வைத்திருக்க, மகன் கணுக்காலைத் தொட்டதும் பசு காலைத் தானே மடக்கிக் கொடுத்தது. கழுவி, ஒற்றி, மருந்திடும்வரை கால் அவன் முழங்காலின் மேல் தங்கியது. நடுவில் வலித்தால் பசு காலை மெதுவாக இழுத்துக்கொள்ளும், அவனும் விட்டுவிடுவான், மறுபடி கேட்டால் கொடுக்கும். இழுத்துக்கொள்ளும் உரிமை இருந்ததால்தான் அது கொடுத்தது என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர் மரக்கட்டையை அகற்றவும், புதிதாக வளர்ந்த குளம்பைச் செதுக்கவும் வந்தபோது பசுவைச் சாய்க்க வேண்டிய தேவை எழவில்லை. நின்ற நிலையிலேயே வேலை முடிந்தது. புண் மூடிப் புதிய தோல் வளர்ந்திருந்தது. வைகாசியில் நடையில் நொண்டல் தெரியவில்லை. இத்தகைய புண் மீண்டும் வரக்கூடியது என்பதால் காலைப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

முழு வெற்றி என்று இதை எழுத இயலாது. வீட்டு அம்மா கழுத்தருகே இல்லாவிட்டால் கணவரிடம் பசு சில நாள் கால் கொடுக்கும், சில நாள் கொடுக்காது. முன்னங்கால்களுக்கு இந்தப் பழக்கம் தானாகப் பரவவில்லை. ஊசியைக் கண்டால் இன்னும் மிரளுகிறது. வாளியோடு சேர்ந்த அச்சத்தை நாங்கள் தொடவே இல்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் வேறொரு மாட்டைப் பழக்க நேர்ந்தால், முதல் வாரத்திலிருந்தே காலைத் தொடுபவரையும் கழுத்தருகே நிற்பவரையும் மாற்றி மாற்றி நிறுத்துவேன். ஒருவரிடமே பழகும் விலங்கு அந்த ஒருவர் ஊரில் இல்லாத நாளில் மருத்துவமின்றி நிற்க நேரும். சொறியும் இடங்களும் ஒன்றுக்கு மேற்பட்டு, நாள்தோறும் கலந்து வர வேண்டும். உண்ணி கடித்த நாளில் மாற்று இடம் ஒன்று முன்பே பழகியிருந்தால் பின்னடைவு ஏற்பட்டிருக்காது.

நோயற்ற, கஞ்சியும் பழமும் விலக்கப்படாத மாடாக இருந்தால் தீவனத்தையும் சேர்த்துக்கொள்வேன். படிகளைத் தீவனத்தால் விரைந்து கற்பித்து, காலைத் தாங்கி நிற்கும் நேரத்தைச் சொறிதலால் நீட்டிப்பது இரண்டின் வலிமையையும் பயன்படுத்தும் வழி. தீவனமில்லாத வெகுமதியை உயர்ந்த கொள்கையாகப் பிடித்துக்கொள்ள நான் யாரையும் கேட்கவில்லை. தீவனம் கூடாத இடத்தில், அடியும் கயிறும்தான் மிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம் என்றே கேட்கிறேன்.

பொங்கல் கொடுக்கும் முறையை அந்தக் குடும்பம் மாற்றிக்கொண்டுள்ளது. படையலில் ஓர் உருண்டையை மட்டும் பசுவுக்குக் கொடுப்பது, அண்டை வீட்டார் கொண்டுவருவதை வாங்கி வீட்டாரே வைத்துக்கொள்வது, அன்று வைக்கோலை முதலில் வயிறு நிறையக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். அண்டை வீட்டாரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லும் பொறுப்பைப் பெரியவரே ஏற்றார்.

கார்த்திகைக் கன்று இப்போது செந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறி நிற்கிறது. அதற்குக் கழுத்தடியைவிடக் காதின் பின்புறமே பிடிக்கிறது என்று மகன் கண்டுபிடித்திருக்கிறான். ஊட்டி முடித்த வேளையில் அங்கே சொறிந்தபடி நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தூக்கி வைக்கிறான். மூக்கணாங்கயிறு போடும் வயது வருவதற்குள் வாயையும் காதையும் ஊசி போடும் கழுத்துப் பகுதியையும் தொடப் பழக்குவது அவர்களுடைய அடுத்த வேலை.